பல கோர் ப்ராசஸருக்கு நிரல் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்று கடையில் வாங்கும் சாதாரண லேப்டாப்பிலேயே 8 கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக நிரலை ஓட்டும் பகுதி) இருக்கிறது. பாக்கெட்டில் இருக்கும் போனிலும் அவ்வளவு உண்டு. ஆனாலும் நாம் எழுதும் நிரல்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு கோரில்தான் ஓடுகின்றன. மற்ற கோர்களையும் வேலை வாங்கலாம் என்று இறங்கும்போது ஒவ்வொரு அணியும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் முட்டிக்கொள்கிறது. வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். வேகத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும். விடை சரியாக வருமா என்பதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும், ஏனென்றால் கஷ்டம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஒரே கோரை இன்னும் வேகமாக்கியிருக்கலாமே, எதற்காகக் கோர்களைக் கூட்டினார்கள்?

வேகமாக்கத்தான் பார்த்தார்கள், முடியவில்லை. இன்டெல்லின் பென்டியம் 4 வரிசை 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை வந்து நின்றுவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் மாடலை 2004 அக்டோபரில் கைவிட்டார்கள். அதற்கு முன்பே, அந்த வருடம் மே மாதத்தில், டேஜஸ் என்ற அடுத்த வடிவமைப்பையும் நிறுத்திவிட்டு இரட்டைக் கோர் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

காரணம் சூடு. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அது இழுக்கும் மின்சாரமும் அதே விகிதத்தில் குறையும் என்று 1974-இல் ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டும் அவருடைய சகாக்களும் காட்டியிருந்தார்கள். 2005 வாக்கில் அந்தக் கணக்கு உதவாமல் போனது. மின்னழுத்தத்தை அதற்குமேல் இறக்க முடியவில்லை, கசியும் மின்சாரமோ ஏறிக்கொண்டே போனது. அதே நேரம் ஒரு சில்லில் அடைக்கக்கூடிய டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. அவற்றை வைத்து இன்னொரு கோரைச் செய்துவிடலாம் அல்லவா? ஐபிஎம் 2001-இல் பவர்4 ப்ராசஸரில் அதைச் செய்தது. 2005-இல் இன்டெல்லும் ஏஎம்டியும் வீட்டுக் கணினிக்கே இரட்டைக் கோரைக் கொண்டுவந்தன.

அதுவரை, மெதுவாக ஓடும் நிரலை வைத்திருந்தவர் இரண்டு வருடம் பொறுத்தால் போதும், புது மெஷின் வந்து அதை வேகமாக்கிவிடும். அந்த வசதி போய், வேகத்துக்கான பொறுப்பு நிரல் எழுதுபவரின் தலையில் வந்து விழுந்தது.

கோர் இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்காகாதா?

பிரிக்க முடிகிற வேலைக்கு மட்டும். 100 விநாடி ஓடும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். அதில் 90 விநாடி வேலையைப் பிரிக்கலாம், ஃபைலைத் திறப்பது, கடைசியில் விடைகளைச் சேர்ப்பது போன்ற 10 விநாடி வேலையைப் பிரிக்க முடியாது என்று வைப்போம். 8 கோர் கொடுத்தால் 10 + 11.25, அதாவது சுமார் 21 விநாடி. 64 கோர் கொடுத்தால் 11.4 விநாடி. எத்தனை கோர் கொட்டினாலும் அந்த 10 விநாடிக்குக் கீழே இறங்காது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-இல் சொன்னது இதுதான்.

இதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். பெரிய மெஷின் கிடைத்தால் பெரிய கணக்கைத்தானே போடுகிறோம், அப்போது பிரிக்கக்கூடிய பகுதிதான் வளர்கிறது என்று 1988-இல் ஜான் குஸ்டஃப்சன் எடுத்துக்காட்டினார். வானிலைக் கணிப்பு, வீடியோ மாற்றம் மாதிரியான வேலைகளுக்கு அவர் சொன்னது பொருந்தும். ஒரு வெப்சைட் கோரிக்கைக்கு 200 மில்லிவிநாடிக்குள் பதில் வர வேண்டும் என்றால் அம்டால்தான் பொருந்துவார்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். ப்ரொஃபைலரை ஓட்டி நேரம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் த்ரெட் (ஒரே நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) போட ஆரம்பிக்கக் கூடாது. பல சமயம் டேட்டாபேஸில் ஒரு இண்டெக்ஸ் சேர்த்தாலே விஷயம் முடிந்துவிடும்.

கம்பைலரே பிரித்துக் கொடுத்துவிடாதா?

ஓரளவுக்குத்தான். எண்கள் அடுக்கிய வரிசையின் மேல் ஓடும் நேரான லூப் என்றால் கம்பைலர் ஓரளவு செய்யும். சுட்டிகள், ஒன்றை ஒன்று கூப்பிடும் ஃபங்ஷன்கள், நடுவே ஃபைலில் எழுதுவது என்று சாதாரண நிரலில் இருக்கும் எதையும் அதனால் நம்பிப் பிரிக்க முடியாது. ஒரு சுற்று அடுத்த சுற்றைப் பாதிக்காது என்று அதற்கு உறுதியாகத் தெரிய வேண்டும், அது நிரலைப் பார்த்து மட்டும் தெரிகிற விஷயம் இல்லை. 1997 முதல் இருக்கும் ஓப்பன்எம்பி அந்த உறுதியை நம்மிடமே கேட்கிறது. லூப்பின் தலையில் ஒரு வரி எழுதினால் பிரித்துக் கொடுக்கும். நாம் சொன்ன உறுதி தப்பு என்றால் விடையும் தப்பாக வரும், எச்சரிக்கை எதுவும் வராது.

இரண்டு த்ரெட் ஒரே மாறியைத் தொட்டால் அப்படி என்ன ஆகிவிடும்?

மிகச் சிறிய உதாரணத்தையே பார்ப்போம். பார்வையாளர் எண்ணிக்கையை ஒன்று கூட்டும் வரி:

எண்ணிக்கை = எண்ணிக்கை + 1

எழுதும்போது ஒரு வரி, ப்ராசஸருக்கு மூன்று வேலை. நினைவகத்தில் இருந்து எடுக்க வேண்டும், ஒன்று கூட்ட வேண்டும், திரும்ப வைக்க வேண்டும். இப்போது எண்ணிக்கை 41 என்று இருக்கட்டும். முதல் த்ரெட் 41-ஐ எடுக்கிறது. அது திரும்ப வைப்பதற்குள் இரண்டாவது த்ரெட்டும் 41-ஐ எடுத்துவிடுகிறது. முதலாவது 42 என்று வைக்கிறது. இரண்டாவதும் 42 என்று வைக்கிறது. வந்தவர் இரண்டு பேர், கணக்கில் ஏறியது ஒருவர்.

ரேஸ் கண்டிஷன் என்பது இதுதான். பிழைச் செய்தி வராது, நிரல் நிற்காது, நிரலின் பதிவேட்டில் எதுவும் ஏறாது. ஒரு எண் மட்டும் தப்பாக இருக்கும். மற்ற பக்குகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், அதே உள்ளீட்டைக் கொடுத்து அதே நிரலை மறுபடி ஓட்டினால் சரியான விடை வந்துவிடும் என்பது. ஒரு தப்பைத் திருப்பி வரவழைத்துப் பார்த்துத்தான் அதைச் சரிசெய்யப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கம் இங்கே உதவாது.

லட்சத்தில் ஒரு தடவை நடப்பதற்கு இவ்வளவு கவலையா?

ஆமாம். ஒரு நாளைக்கு ஒரு கோடி கோரிக்கை வரும் சர்வரில் லட்சத்தில் ஒன்று என்பது தினமும் நூறு.

கனடாவில் செய்யப்பட்ட தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தால் 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் அளவுக்கு மிக மிக அதிகமான கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். சிலர் அதனாலேயே இறந்தார்கள். காரணங்களில் ஒன்று ரேஸ் கண்டிஷன். இயக்குபவர் திரையில் சிகிச்சை வகையைத் தவறாக அடித்துவிட்டு, காந்தங்கள் இடத்துக்கு வர ஆகும் சுமார் 8 விநாடிக்குள் திருத்திவிட்டால், அந்தத் திருத்தம் நிரலின் இன்னொரு பகுதிக்குப் போய்ச் சேராது. சோதனையின்போது நிதானமாகத் தட்டியவர்களுக்கு இது வரவில்லை. வேலை பழகி வேகமாகத் தட்டியவர்களுக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அது ஒற்றை ப்ராசஸர் இயந்திரம். சில வேலைகள் மாறி மாறி ஓடினாலே இது நடக்கும் என்றால், உண்மையிலேயே ஒரே நொடியில் எட்டு கோரில் ஓடும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, ஒஹையோவில் ஒரு கட்டுப்பாட்டு அறையின் அலாரம் மென்பொருள் ரேஸ் கண்டிஷனால் உறைந்துபோய், மின்பாதைகள் விழுந்துகொண்டிருப்பதை இயக்குபவர்களுக்குச் சொல்லாமல் விட்டது. அந்த மென்பொருள் பல இடங்களில் மொத்தமாக 30 லட்சம் மணி நேரத்துக்கும் மேல் ஓடியிருந்தது. அதுவரை அந்த பக் தலைகாட்டவே இல்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 2016-இல் வெளியே வந்த 'டர்ட்டி கௌ' ஓட்டையும் ரேஸ்தான். சாதாரணப் பயனர் ரூட் அதிகாரத்தை, அதாவது மெஷினின் முழு அதிகாரத்தை, பிடித்துவிட முடிந்தது. 2007-இல் வந்த பதிப்பில் இருந்தே அது உள்ளே இருந்தது. அதைச் சரிசெய்தபோது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய குறிப்பின் சாரம் நமக்கு முக்கியம்: முன்பு ஏட்டளவில் மட்டும் இருந்த ரேஸ், நினைவக நிர்வாகப் பகுதி பல கோர்களில் நன்றாக ஓடும்படி மேம்பட்டதால் எளிதில் தூண்டக்கூடியதாகிவிட்டது. நீங்கள் தொடாத பழைய வரிகூட, கோர்கள் கூடக் கூட ஆபத்தானதாகலாம்.

சரி, லாக் போட்டுவிட்டால் தீர்ந்தது அல்லவா?

லாக் என்பது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு. மேலே உள்ள எண்ணிக்கைக்குத் தீரும். நிஜ நிரல்களில் பெரும்பாலும் தீராது.

பஸ் டிக்கெட் பதிவு செய்யும் ஒரு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 'காலியா' என்று ஒரு மெதட், 'பதிவுசெய்' என்று இன்னொன்று. இரண்டின் உள்ளேயும் ஒழுங்காக லாக் போட்டிருக்கிறார்கள். கூப்பிடுபவர் என்ன எழுதுகிறார்? 14-ஆம் இருக்கை காலியா என்று கேட்டு, ஆம் என்றால் பதிவுசெய் என்கிறார். முதல் மெதட் லாக்கை விட்ட பிறகும் இரண்டாவது மெதட் லாக்கைப் பிடிப்பதற்கு முன்பும் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட்டும் 'காலி' என்ற பதிலை வாங்கிவிடும். ஒரே இருக்கைக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள். லாக் இருக்கிறது, ஒவ்வொரு மெதட்டும் தனியாகப் பார்த்தால் சரி, சேர்த்துப் பார்த்தால் தப்பு. மருந்து, 'காலியானால் பதிவுசெய்' என்று ஒரே மெதட்டாக எழுதி, முழுவதையும் ஒரே லாக்குக்குள் வைப்பது. அதாவது இடைமுகத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது.

இது அபூர்வமான உதாரணம் அல்ல. 2008-இல் ஷான் லூ, யுவான்யுவான் ஷோ ஆகியோர் இருந்த குழு மைஎஸ்க்யூஎல், அப்பாச்சி, மொசில்லா, ஓப்பன்ஆபீஸ் ஆகிய நான்கு பெரிய மென்பொருள்களில் 105 பக்குகளை எடுத்து ஆராய்ந்தது. டெட்லாக் (த்ரெட்டுகள் ஒன்றுக்கொன்று காத்திருந்து நின்றுவிடுவது) அல்லாதவை 74. அவற்றில் நூற்றுக்கு 73 பங்கை டெவலப்பர்கள் லாக் சேர்த்தோ மாற்றியோ சரிசெய்யவில்லை. நிபந்தனையைச் சோதிப்பது, வரிகளின் வரிசையை மாற்றுவது, தரவின் அமைப்பையே மாற்றுவது என்று வேறு வழியில்தான் சரிசெய்திருந்தார்கள்.

லாக்கில் இன்னொரு செலவும் உண்டு. கல்யாணப் பந்தியில் பரிமாற எட்டுப் பேர் நின்றாலும் சாம்பார் வாளி ஒன்றுதான் என்றால் ஏழு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே லாக் போட்ட நிரலும் அப்படித்தான். விடை சரியாக வரும், 8 கோரும் இருக்கும், ஓடுவது ஒன்று.

சிறு சிறு லாக்குகளாகப் பிரித்தால்?

பிரித்தால் டெட்லாக் வரும். வங்கிக் கணக்கு மாற்றத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு லாக். அ கணக்கில் இருந்து ஆ கணக்குக்குப் பணம் அனுப்பும் த்ரெட், அ-வைப் பூட்டிவிட்டு ஆ-வுக்குக் காத்திருக்கிறது. அதே நேரம் ஆ-வில் இருந்து அ-வுக்கு அனுப்பும் த்ரெட், ஆ-வைப் பூட்டிவிட்டு அ-வுக்குக் காத்திருக்கிறது. இரண்டும் நகராது.

இதற்கு நம்பகமான வழி ஒன்று உண்டு: எல்லா இடத்திலும் ஒரே வரிசையில் பூட்டுவது. பணம் எந்தத் திசையில் போனாலும் சிறிய கணக்கு எண்ணை முதலில் பூட்டு என்று விதி வைத்தால் போதும். விதி எளிது, அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். நான்கு அணிகள், மூன்று லைப்ரரிகள் இருக்கும் இடத்தில் உங்கள் லாக்கைப் பிடித்துக்கொண்டே நீங்கள் கூப்பிடும் ஃபங்ஷன் உள்ளே எதைப் பூட்டுகிறது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே லாக்கைப் பிடித்தபடி வெளியார் எழுதிய ஃபங்ஷனை, முக்கியமாக கால்பேக்கை (பிறகு கூப்பிடச் சொல்லி அடுத்தவர் கொடுத்த ஃபங்ஷனை), கூப்பிடாதீர்கள்.

நல்ல டெஸ்ட் எழுதினால் பிடிபடாதா?

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டாலமி திட்டத்தில் நடந்ததை எட்வர்ட் லீ 2006-இல் எழுதினார். அந்த அணி அலட்சியமாக வேலை செய்த அணி அல்ல. வடிவமைப்புக்கு ரிவ்யூ, எழுதிய வரிகளுக்கு ரிவ்யூ, ராத்திரிதோறும் பில்ட், தானியங்கி டெஸ்டுகள் எல்லாம் வைத்திருந்தார்கள். டெஸ்டுகள் எல்லா வரிகளையும் தொட்டன. ரிவ்யூ செய்தவர்களில் இந்தத் துறையில் நிபுணர்களும் இருந்தார்கள். 2000-த்தில் எழுதிய அந்த நிரல் 2004 ஏப்ரல் 26 அன்று டெட்லாக் ஆகி நின்றது. நான்கு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய பிறகு!

எல்லா வரியும் ஓடியதா என்று டெஸ்ட் பார்க்கிறது. எந்த இரண்டு வரி எந்த வரிசையில் குறுக்கிட்டன என்பதை அது பார்ப்பதில்லை. இரண்டு த்ரெட், ஒவ்வொன்றிலும் பத்து அடி என்றாலே குறுக்கிடும் வரிசைகள் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டும். டெஸ்ட் மெஷினில் அவற்றில் ஏதோ ஒரு சில மட்டும் திரும்பத் திரும்ப நடக்கும். சந்தேகப்பட்டு ஒரு பிரிண்ட் வரி சேர்த்தால், அதனால் நேரம் சற்று மாறி பக் மறைந்துவிடும்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. மேலே சொன்ன 2008 ஆய்வில் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு: 105 பக்குகளில் நூற்றுக்கு 96 பங்கு இரண்டே த்ரெட்டுகளுக்கு இடையில் குறிப்பிட்ட வரிசை அமைந்தால் வெளிவந்துவிடும். ஆயிரம் த்ரெட் வைத்துச் சோதிப்பதைவிட இரண்டு த்ரெட்டின் வரிசைகளை முறையாக மாற்றி மாற்றிப் பார்ப்பது பலன் தரும். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் செஸ் கருவி அதைத்தான் செய்தது. இன்று எல்லோர் கைக்கும் எட்டுவது த்ரெட்சானிட்டைசர். சி, சி++ நிரலை அதோடு சேர்த்துக் கம்பைல் செய்து டெஸ்டை ஓட்டினால், ஒரு லாக்கும் இல்லாமல் இரண்டு த்ரெட் ஒரே இடத்தைத் தொட்டதைக் காட்டிக்கொடுக்கும். அந்த முறை தப்பு விடை வராவிட்டாலும்கூடக் காட்டும், அதுதான் அதன் பலம். கோ மொழியில் 1.1 பதிப்பில் இருந்து, அதாவது 2013 முதல், இது உள்ளேயே இருக்கிறது. நிரல் பல மடங்கு மெதுவாகும், நினைவகமும் நிறையத் தின்னும். ஆகவே ப்ரொடக்‌ஷனில் வேண்டாம். ராத்திரி ஓடும் டெஸ்டில் கட்டாயம் சேருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

நான் எழுதிய வரிசையிலேயே வரிகள் நடக்காதா?

இதைக் கேட்டுப் பலர் அதிர்ந்துபோவார்கள்: நடக்காது. அந்த த்ரெட்டின் கண்ணுக்கு மட்டும்தான் வரிசை காப்பாற்றப்படும். பக்கத்துக் கோரில் இருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரியலாம்.

அ, ஆ என்று இரண்டு மாறிகள், இரண்டும் 0. முதல் த்ரெட் அ-வில் 1 எழுதிவிட்டு ஆ-வைப் படிக்கிறது. இரண்டாவது த்ரெட் ஆ-வில் 1 எழுதிவிட்டு அ-வைப் படிக்கிறது. எந்த வரிசையில் கலந்து ஓடினாலும் இருவரில் ஒருவராவது 1-ஐப் பார்த்தாக வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் இருவரும் 0-வைப் பார்க்கலாம், சாதாரண இன்டெல் மெஷினிலேயே. ஏனென்றால் கோர் தான் எழுதுவதை உடனே நினைவகத்துக்கு அனுப்பாமல் தன்னிடம் உள்ள ஒரு சிறு வரிசையில் வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. கம்பைலரும் தன் பங்குக்கு வரிகளை இடம் மாற்றும்.

ஏஆர்எம் ப்ராசஸர்கள் இன்டெல்லைவிட அதிகம் இடம் மாற்றும். இன்டெல் சர்வரில் பல வருடம் ஒழுங்காக ஓடிய நிரல், ஏஆர்எம் சர்வருக்கு மாற்றியதும் தடுமாறினால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. ஆப்பிள் 2020-இல் எம்1 சில்லுக்கு மாறியபோது, பழைய இன்டெல் நிரல்களை ஓட்டுவதற்காகவே இன்டெல்லின் கண்டிப்பான வரிசையைப் பின்பற்றும் ஒரு நிலையைச் சில்லிலேயே வைத்தது.

எந்த மாற்றம் செல்லும், எது செல்லாது என்பதற்கு மொழி அளவில் ஒரு ஒப்பந்தம் வேண்டும். ஜாவா அதை 2004-இல் ஜாவா 5-இல் திருத்தி எழுதியது. சி++ 2011-இல்தான் எழுதியது. அதற்கு முன்பே பல வருடங்களாக உலகம் முழுக்க சி++-இல் த்ரெட் போட்டு எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்! நடைமுறையில் நீங்கள் கடைப்பிடிக்க வேண்டியது எளிது. பகிரும் மாறியை லாக்குக்குள் தொடுங்கள், அல்லது அட்டாமிக் (நடுவில் யாரும் குறுக்கிட முடியாதது) என்று அறிவியுங்கள். வெறும் பூலியனை வைத்து இன்னொரு த்ரெட்டுக்கு 'முடிந்தது' என்று சைகை காட்டாதீர்கள்.

த்ரெட்டைக் கூட்டியதும் நிரல் முன்பைவிட மெதுவாகிவிட்டதே?

லாக்குக்குக் காத்திருப்பது ஒரு காரணம், அதை மேலே பார்த்தோம். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று கேஷ் வரி. கேஷ் என்பது கோர் பக்கத்திலேயே வைத்திருக்கும் சிறு வேக நினைவகம். ப்ராசஸர் நினைவகத்தை ஒவ்வொரு பைட்டாக எடுப்பதில்லை. இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் 64 பைட்டை ஒரு துண்டாக எடுக்கும், ஆப்பிள் எம்1-இல் அது 128. எட்டு த்ரெட்டுக்கும் தனித்தனி எண்ணிக்கை என்று எட்டு உறுப்புள்ள வரிசை ஒன்று வைக்கிறீர்கள். ஒவ்வொன்றும் 8 பைட், மொத்தம் 64. லாக் தேவையில்லை, யாரும் அடுத்தவர் உறுப்பைத் தொடுவதில்லை, எல்லாம் சரிதான். ஆனால் எட்டும் ஒரே துண்டில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கோர் எழுதியதும் மற்ற ஏழு கோர்களிடம் இருக்கும் பிரதி செல்லாததாகிவிடும். அந்தத் துண்டு கோர் கோராக அலையும்.

ஒவ்வொரு த்ரெட்டும் தன் உள்ளூர் மாறியில் எண்ணிவிட்டு, முடிவில் ஒரே ஒரு தடவை பொது இடத்தில் சேர்த்தால் இந்தத் தொல்லை போய்விடும்.

தசம எண்களைக் கூட்டினால் ஒவ்வொரு தடவையும் கடைசி இலக்கம் மாறுகிறது. ரேஸா?

ரேஸாக இருக்க வேண்டியதில்லை. கணினியில் 0.1 + 0.2-ஐ முதலில் கூட்டி அப்புறம் 0.3-ஐச் சேர்த்தால் 0.6000000000000001 வரும். 0.2 + 0.3-ஐ முதலில் கூட்டி 0.1-ஐச் சேர்த்தால் 0.6 வரும். எந்த த்ரெட் முதலில் முடிகிறதோ அதன் விடையை முதலில் சேர்த்தால், ஓட்டத்துக்கு ஓட்டம் மாறத்தான் செய்யும். தரவைப் பிரிக்கும் எல்லைகளையும் சேர்க்கும் வரிசையையும் நிலையாக வைத்தால் ஒரே விடை வரும். பணக் கணக்கு என்றால் முதலில் இந்த வகை எண்ணையே விட்டுவிட்டுப் பைசாவை முழு எண்ணாக வையுங்கள்.

எந்த மொழி எடுத்தால் இந்தத் தொல்லை குறையும்?

பகிர்வதைக் குறைக்கும் மொழி எதுவோ அது. எரிக்சன் நிறுவனத்தில் 1986-இல் தொலைபேசிப் பரிமாற்றகங்களுக்காகத் தொடங்கிய எர்லாங்கில், ஒரு ப்ராசஸ் இன்னொன்றின் நினைவகத்தைத் தொடவே முடியாது. செய்திதான் அனுப்பலாம். பல கோர் வருவதற்கு வெகு காலம் முன்பே எடுத்த அந்த முடிவால், பின்னாளில் பல கோருக்கு எர்லாங் நிரல்களைக் கொண்டுபோவது எளிதானது.

கோ மொழியும் செய்தி அனுப்பச் சொல்கிறது, ஆனால் கட்டாயப்படுத்தாது. இரண்டு கோரூட்டின் (கோ மொழியின் இலகுவான த்ரெட்) ஒரே மேப்பில் ஒரே நேரத்தில் எழுதினால் நிரல் விழலாம்.

ரஸ்ட் இன்னும் கண்டிப்பு. பூட்டில்லாமல் இரண்டு த்ரெட் ஒரே தரவை மாற்ற முயன்றால் கம்பைலரே மறுத்துவிடும். ஃபயர்ஃபாக்ஸின் 57-ஆம் பதிப்பில், 2017 நவம்பரில், பக்கத்தின் ஸ்டைலைக் கணக்கிடும் வேலையைப் பல கோருக்குப் பிரித்தது ரஸ்டில் எழுதிய பகுதிதான். ரஸ்டிலும் டெட்லாக் வரும், மேலே சொன்ன டிக்கெட் பக்கும் வரும். அவற்றை எந்தக் கம்பைலரும் தடுக்காது.

பைதான்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பொது இன்டர்ப்ரெட்டர் லாக் இருப்பதால், எத்தனை த்ரெட் போட்டாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைதான் வரிகளை ஓட்டும். அந்த லாக் இல்லாத பில்ட் 2024 அக்டோபரில் 3.13-இல் சோதனையாக வந்தது, 2025 அக்டோபரில் வந்த 3.14-இல் முறையான ஆதரவு பெற்றது. அதற்கு மாறும் முன் ஒன்றை நினைவில் வையுங்கள்: நீங்கள் பயன்படுத்தும் பல சி லைப்ரரிகள் அந்த லாக் இருக்கிறது என்று நம்பி எழுதப்பட்டவை.

ஜாவா 21-இல் வந்த விர்ச்சுவல் த்ரெட் பற்றியும் கேட்கிறார்கள். அது டேட்டாபேஸ் பதிலுக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருக்கும் வேலைக்கு அருமையானது. கணக்குப் போட்டே கோரை நிரப்பும் வேலைக்கு அதனால் லாபம் இல்லை.

லாக்கே இல்லாமல் எழுதும் முறையைக் கற்றுக்கொள்ளலாமா?

கற்றுக்கொள்ளுங்கள், ஆபீஸ் நிரலில் சொந்தமாக எழுதாதீர்கள். மொழியின் லைப்ரரியில் நிபுணர்கள் எழுதிப் பல வருடம் அடிபட்ட க்யூவும் மேப்பும் இருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட்வேர் செய்பவர்களுக்கே இது சுலபம் இல்லை. லாக்குக்குக் காத்திருக்காமல் பல மாற்றங்களை ஒரே மூச்சில் செய்வதற்காக 2013-இல் ஹாஸ்வெல் ப்ராசஸரில் இன்டெல் கொண்டுவந்த டிரான்சாக்‌ஷன் வசதியில் பக் இருப்பது தெரிந்து, 2014 ஆகஸ்டில் மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் இருக்கும் நிரல்) வழியாக அதை நிறுத்தினார்கள்.

பத்து வருடப் பழைய நிரலை எப்படிப் பல கோருக்குக் கொண்டுபோவது?

ஒரே தாவலில் முடியாது. லினக்ஸ் போன வழியைப் பாருங்கள். 1996-இல் 2.0 பதிப்பில் பல ப்ராசஸர் ஆதரவு வந்தபோது கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய லாக்தான். ஒரு நேரத்தில் ஒரு ப்ராசஸர்தான் கெர்னலுக்குள் இருக்க முடியும். மெதுவானது, ஆனால் சரியானது. அங்கிருந்து நெட்வொர்க், ஃபைல் சிஸ்டம், டிரைவர்கள் என்று ஒவ்வொரு பகுதியாக அந்த லாக்கை விட்டு வெளியே கொண்டுவந்தார்கள். கடைசி மிச்சம் 2011-இல் 2.6.39 பதிப்பில் நீங்கியது. உலகிலேயே அதிகம் பேர் கண்பார்வையில் இருக்கும் நிரலுக்கே 15 வருடம் ஆகியிருக்கிறது என்றால், மேனேஜர் கேட்கும் 'ரெண்டு ஸ்பிரிண்ட்' (சில வாரங்கள்) எவ்வளவு நியாயம் என்று அவரிடமே காட்டலாம்.

பழைய நிரலில் முதலில் தேட வேண்டியது குளோபல் மாறிகளையும் சிங்கிள்டன்களையும் (நிரல் முழுவதற்கும் ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருள்கள்), அப்புறம் பார்த்தால் படிப்பது போலத் தெரிந்து உள்ளே தன் கேஷை (விடைகளைச் சேமித்து வைக்கும் இடத்தை) நிரப்பும் ஃபங்ஷன்களையும். பகிரும் இடங்களின் பட்டியல் கையில் வரும் வரை ஒரு த்ரெட்கூடப் போடாதீர்கள். பட்டியலில் உள்ளவற்றில் முடிந்ததை மாறாத தரவாக்குங்கள், முடிந்ததை ஒரே த்ரெட்டுக்குச் சொந்தமாக்குங்கள். மிச்சம் இருப்பதற்கு மட்டும் லாக். இந்த வேலையை முடிக்கும்போது, பல கோரில் ஓட்டாவிட்டாலும் நிரல் படிக்க எளிதாகியிருக்கும்.

எத்தனை த்ரெட் வைக்கலாம்?

கணக்கு வேலைக்குக் கோர் எண்ணிக்கை அளவு, காத்திருக்கும் வேலைக்கு அதைவிட அதிகம். கன்டெய்னருக்குள் (மெஷினில் ஒரு பங்கை மட்டும் ஒதுக்கி நிரலை ஓட்டும் உறைக்குள்) ஓட்டினால் மட்டும் கவனம் வேண்டும். 64 கோர் மெஷினில் உங்கள் கன்டெய்னருக்கு 2 கோர் அளவுதான் ஒதுக்கியிருப்பார்கள். நிரல் 64 என்று எண்ணி 64 த்ரெட்டைத் திறந்து திணறும். ஜாவா 10 பதிப்பில் இருந்து இந்த ஒதுக்கீட்டைத் தானே பார்க்கிறது. மற்ற மொழியானால் எண்ணை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

ரிவ்யூ செய்யும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வகுப்பில் உள்ள ஒவ்வொரு மாறியையும் காட்டி, இதை எந்த லாக் காக்கிறது என்று கேளுங்கள். எழுதியவரால் உடனே சொல்ல முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். சொல்ல முடிந்தால் அந்தப் பதிலை மாறியின் பக்கத்திலேயே எழுத வையுங்கள், ஏனென்றால் ஆறு மாதம் கழித்து இன்னொருவர் அந்த வகுப்பில் ஒரு மெதட் சேர்ப்பார், அவருக்கு இந்த உரையாடல் தெரியாது. வெறும் கமென்டாக எழுதுவதைவிடக் கருவி படிக்கும் குறிப்பாக எழுதுவது மேல். சி++-க்கு கிளாங் கம்பைலரிலும், ஜாவாவுக்கு எரர் ப்ரோன் கருவியிலும் அதற்கென்றே குறிப்புகள் உண்டு. மாறியின் மேல் லாக்கின் பெயரைப் போட்டுவிட்டால், அந்த லாக்கைப் பிடிக்காமல் அதைத் தொடும் மெதட்டைக் கம்பைல் செய்யும்போதே பிடித்துக் காட்டிவிடும்.